எண்ணெய் மருந்தல்ல, ஐயா!

எண்ணெய் குடித்தால் ரத்தக்குழாய் அடைப்பு கரையும் என்று நம்பி வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். வயது 52, பினாங்கின் பிறை வட்டாரத்தில் லாரி ஓட்டுகிறார். அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழல் வைத்து நாலு மாதம்தான் ஆகிறது. எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்டரால் இறங்கவே இல்லை என்று டாக்டர், உணவு ஆலோசகரான என்னிடம் அனுப்பியிருந்தார்.

"காலையில வெறும் வயித்துல ரெண்டு கரண்டி தேங்கா எண்ணெய் குடிக்கிறேன் மிஸ். அடைப்பைக் கரைச்சிடுமாம், வாட்ஸ்அப்புல வந்துச்சு."

மாத்திரை? "அதான் எண்ணெய் குடிக்கிறேனேன்னு விட்டுட்டேன்."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் செய்தியை அனுப்பியவர்மேல்தான் கோபம்.

எந்த எண்ணெயைக் குடித்தாலும் ரத்தக்குழாய் அடைப்பு கரையாது. அடைப்பு என்பது குழாயின் உள்ளே ஒட்டிய பிசுக்கு இல்லை. குழாய்ச் சுவருக்குள்ளேயே வளர்வது. குடித்த எண்ணெய் குடலில் செரித்துத்தான் உடம்பில் சேரும், குழாயைக் கழுவிக்கொண்டு போகாது. அதிலும் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது வெண்ணெய், நெய்யில் இருக்கும் வகை. நெய்யைவிட அதிகம். எல்டிஎல்லை ஏற்றுவதே அந்தக் கொழுப்புதான்.

"அப்ப ஆலிவ் எண்ணெய் குடிக்கலாமா?" இதுதான் எப்போதும் அடுத்த கேள்வி. குடிக்க வேண்டாம், ஐயா. அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் சொன்னதைப் பாருங்கள்: நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகச் சூரியகாந்தி போன்ற, பன்மை நிறைவுறாக் கொழுப்புள்ள தாவர எண்ணெய்களைச் சேர்த்தால் இதயநோய் சுமார் 30 விழுக்காடு குறையும். பதிலாக! இருக்கிற சாப்பாட்டுக்கு மேலே ஊற்றச் சொல்லவில்லை. மேலே ஊற்றினால் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி ஏறும், அவ்வளவுதான்.

போத்தலில் 'கொலஸ்டரால் இல்லை' என்று போட்டிருப்பதையும் நம்பி ஏமாறாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்டரால் கணக்கில் வராது. நம் வீடுகளில் ஓடும் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. சூரியகாந்தியில் பத்தில் ஒன்றுதான். கனோலாவில் அதைவிடக் குறைவு. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் பரவாயில்லை. "தாத்தா தேங்காய் எண்ணெயிலேயே சாப்பிட்டு வாழ்ந்தாரே" என்பார்கள். தாத்தா விடியற்காலையிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். நீங்கள் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கூட வந்த அவர் மனைவியிடம் ஒன்றுதான் கேட்டேன்: ஐந்து கிலோ போத்தல் எத்தனை நாள் வரும்? 24 நாள், வீட்டில் நாலு பேர் என்றார். தாளிலேயே வகுத்துக் காட்டினேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 52 கிராம், கிட்டத்தட்ட நாலு மேசைக்கரண்டி. அவர் வழியில் சாப்பிடும் ரொட்டி சானாய், அதான் எண்ணெயில் சுடும் பரோட்டா, இதில் சேரவில்லை. அந்த அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெயைச் சட்டியில் சாய்த்து ஊற்றாதீர்கள், கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். வடை சுட்டுக் கறுத்த எண்ணெயை மறுநாள் குழம்புக்குத் தாளிக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

அடுத்த முறை வரும்போது புதுப் போத்தல் எத்தனை நாள் வந்தது என்று காலண்டரில் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.