மே மாத இரவைத் தாங்க எத்தனை மீன்கள்?

இரண்டடித் தொட்டியில் எத்தனை மீன் விடலாம் என்று கேட்டால், ஒரு காலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன் என்ற பழைய கணக்கைத்தான் பலரும் சொல்வார்கள். ஏறக்குறைய 4 லிட்டருக்கு ஓர் அங்குலம். இதை நம்பி வேலூரில் மார்கழியில் மீன் விடுகிறவர், கத்திரி வெயிலில் ஒரு காலை எழுந்து பார்க்கும்போது பாதி மீன்கள் மிதக்கின்றன. கணக்கு எங்கே இடறுகிறது என்று பார்ப்போம்.

முதலில் தண்ணீரின் அளவு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் காகிதத்தில் 56 லிட்டர். ஆனால் அடியில் 2 அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்புகிறோம், மேலே ஒன்றரை அங்குலம் விடுகிறோம். மிஞ்சுவது சுமார் 40 லிட்டர். கணக்கு எல்லாவற்றையும் இந்த 40-இல்தான் போட வேண்டும்.

அடுத்தது நீளம். மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. உயரத்திலும் பருமனிலும் வளர்கிறது. ஒரே உடல்வாகுள்ள மீன் ஓர் அங்குலத்திலிருந்து நான்கு அங்குலமானால், எடை நான்கு மடங்கு ஆகாது, 64 மடங்கு ஆகும். மூச்சும் கழிவும் பெரும்பாலும் எடையைப் பொறுத்தவை. அங்குலக் கணக்கோ ஒன்றேகால் அங்குலக் கப்பி எட்டையும் ஐந்து அங்குலத் தங்கமீன் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. சின்ன மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தும். பெரிய மீன்களுக்கு ஆபத்து. அதிலும் கடையில் விற்பது குஞ்சுத் தங்கமீன். வாங்கும்போது ஓர் அங்குலம் என்று பத்து வாங்கினால், அந்தப் பத்தும் வளரத்தான் போகின்றன. எப்போதும் வளர்ந்த மீனின் அளவை வைத்தே எண்ணுங்கள்.

இனி இந்த ஊருக்கே உரிய சிக்கல். மே மாதத்தில் பகல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. மொட்டை மாடி நாளெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் வீட்டுக்குள் இறக்குகிறது. தொட்டித் தண்ணீர் 34 டிகிரிக்குப் போவது அரிதல்ல. 24 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 8.4 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 34 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். வரவில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. செலவோ கூடுகிறது: மீன் வெப்ப இரத்தப் பிராணி அல்ல, தண்ணீர் 10 டிகிரி சூடானால் அதன் உடல் இயக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. அதனால் விடியலுக்குச் சற்று முன்தான் தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்த நேரத்தில் மின்சாரமும் போய் ஏர் பம்ப் நின்றால் என்ன ஆகும்? தொட்டியில் எத்தனை மீன் என்பதை அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மார்கழியில் எல்லாக் கணக்கும் சரியாகத்தான் இருக்கும்.

காற்று தண்ணீருக்குள் போவது மேற்பரப்பு வழியாக. ஆகவே ஆழத்தைவிடப் பரப்பு முக்கியம். ஒவ்வோர் அங்குல மீனுக்கும் 12 சதுர அங்குல மேற்பரப்பு என்பது பழைய வளர்ப்பாளர்களின் அளவு. 9 அங்குல விட்டமுள்ள கண்ணாடி உருண்டையைப் பாதி நிரப்பினால் 64 சதுர அங்குலம் கிடைக்கும், அதாவது ஐந்து அங்குல மீனுக்குப் போதும். அதையே 5 அங்குல வாய்வரை நிரப்பினால் 20 சதுர அங்குலம்தான்; இரண்டு அங்குல மீனுக்குக்கூடப் போதாது. தண்ணீர் கூடியது, மூச்சு குறைந்தது.

ஆக்சிஜன் குறைவு ஒரே இரவில் கொல்லும். அமோனியா மெதுவாகக் கொல்லும். மீன் தின்னும் புரதத்தின் நைட்ரஜன் பெரும்பாலும் செவுள் வழியே அமோனியாவாக வெளியேறுகிறது. 40 விழுக்காடு புரதமுள்ள தீனி ஒரு கிராம் போட்டால், சுமார் 37 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். 40 லிட்டரில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 0.9 மில்லிகிராம். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கிறது. அமோனியம் அவ்வளவு தீங்கில்லை, அமோனியாதான் நஞ்சு. பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்தத்தில் 0.6 விழுக்காடுதான் நஞ்சு வடிவம். பி.எச். 8.2, 33 டிகிரி என்றால் சுமார் 13 விழுக்காடு. இருபது மடங்குக்கும் மேல்! வாளியில் வெள்ளைப் படலம் விடும் போர் தண்ணீரைக் காற்றடித்து வைத்தால் பி.எச். 8-ஐத் தாண்டுவது சாதாரணம். வேறு ஊரில் தாங்கிய அதே கூட்டத்தை, உப்புத்தண்ணீரும் வெயிலும் சேர்ந்த இந்த ஊரில் தொட்டி தாங்காததற்குக் காரணம் இதுதான்.

இந்த நஞ்சை உடைப்பவை ஃபில்டரின் ஸ்பான்ஜிலும் கல்லிலும் வாழும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக்கும், நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்கும். புதிய தொட்டியில் இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால் முதல் நாளே எல்லா மீனையும் விட்டால், பாக்டீரியா இல்லாத தொட்டியில் விடுகிறோம் என்றுதான் அர்த்தம். மூன்று மீனில் தொடங்குங்கள். சோதனைக் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டிய பிறகு, இரண்டு வாரம் விட்டு இன்னும் மூன்று. ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும்.

நைட்ரேட்டை இந்த பாக்டீரியாக்கள் அகற்றுவதில்லை. நாம்தான் தண்ணீர் மாற்றி அகற்ற வேண்டும். நாளுக்கு 0.3 கிராம் தீனி விழும் 40 லிட்டர் தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு சுமார் 8.6 மில்லிகிராம் நைட்ரேட் சேரும். வாரம் 30 விழுக்காடு தண்ணீர் மாற்றினால் அது 29-ஐத் தாண்டாது. 10 விழுக்காடு மட்டும் மாற்றினால் மெல்ல ஏறி 86-இல் போய் நிற்கும். எட்டு ஆண் கப்பிக்கு நாளுக்கு 0.1 கிராம் தீனியே போதும். நம் கையின் ஒரு சிட்டிகை எவ்வளவு என்று தெரிய, பத்துச் சிட்டிகையைச் சின்னத் தராசில் போட்டுப் பத்தால் வகுத்துப் பாருங்கள்.

கடைத் தொட்டியில் நூறு மீன்கள் நெருக்கியடித்து நீந்துவதைக் காட்டி, அவர்கள் வைக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே மீன் சில நாள்தான் தங்குகிறது, தண்ணீர் அடிக்கடி மாறுகிறது, தீனி குறைவாக விழுகிறது. வீட்டில் இரண்டு ஆண்டு வாழ வேண்டிய மீனுக்கு அது எடுத்துக்காட்டாகாது.

இதையெல்லாம் வைத்து, 40 லிட்டர் தொட்டிக்கு எங்கள் அளவு இது. ஆண் கப்பி 8. நல்ல ஸ்பான்ஜ் ஃபில்டரும் செடியும் இருந்தால் 10. அல்லது ஜீப்ரா டேனியோ 6. அல்லது மோலி 3. இவற்றில் ஏதாவது ஒன்றுதான், மூன்றும் சேர்த்தல்ல. தங்கமீன் வேண்டாம். ஏஞ்சலுக்கு ஒன்றரை அடி உயரம் வேண்டும். ஓரடித் தொட்டியா? ஒரு ஃபைட்டர், அவ்வளவுதான். அது நீர்மேல் வந்து காற்றையும் மூச்சிழுக்கும் இனம், மே மாத இரவில் அந்தத் திறன் கைகொடுக்கும். நியான் டெட்ராவுக்கு மென்மையான, சூடில்லாத தண்ணீர் வேண்டும். இந்த ஊரில் அதைப் பாடுபடுத்த வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். குழாயில் வரும் மாநகராட்சித் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் 24 மணி நேரம் வைத்திருந்து, அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விட்டு ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றாதீர்கள், அதில் காரத்தன்மை மிகக் குறைவு. அமோனியாவை மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையைத் தின்கிறது. அது தீர்ந்தால் பி.எச். சடாரென்று விழும். ஆனால் வெயிலில் வற்றிய அளவை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி, ஏனென்றால் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

வெயில் ஏறும் நாட்களில் மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். மேசை விசிறியை நீர்மட்டத்தைத் தடவிப்போகும்படி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். பனிக்கட்டியை நேராகப் போடக் கூடாது, தீனியையும் பாதியாக்குங்கள். மின்சாரம் போனால் பேட்டரி ஏர் பம்ப், அது இல்லையென்றால் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஐந்து நிமிடம் ஊற்றுங்கள். மீன்கள் மேலே கூடி வாயைத் திறந்து மூடுகின்றன என்றால், காரணம் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கப்பியில் ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால் எண்ணிக்கை உங்கள் கையில் இருக்காது. மாதம் ஒருமுறை இருபது, முப்பது குஞ்சு போடும். ஆணைப் பிரித்த பிறகும் சில மாதம் தொடரும். மிஞ்சுவதைக் கடையிலேயே கொடுங்கள். ஓர் அடிக்கு மேல் வளர்ந்துவிடும் சக்கர் மீனையும் அப்படியே. கோட்டை அகழியிலோ ஏரியிலோ விட வேண்டாம். அங்கே வாழும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அது இடம் விடாது.