குருத்தணு

தானும் பெருகி வேறு வகை உயிரணுக்களையும் தரும் ஸ்டெம் செல்லை, குழந்தைகளின் இதயக் கோளாறுக்குச் சிகிச்சையாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதற்குமுன் பெயரைப் பார்ப்போம். ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் தண்டணு, மூல உயிரணு, குருத்தணு என்று பல பெயர்கள் புழங்குகின்றன. இவற்றில் குருத்தணுதான் பொருத்தமானது என்பேன்.

சொல் பிறந்த இடம் ஜெர்மனி. எல்லா உயிர்களுக்கும் மூதாதையான ஓரணு உயிரை 1868-இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 'ஷ்டாம்செல்லெ' என்றார். ஷ்டாம் என்றால் அடிமரம். குலம் என்றும் பொருள் உண்டு. பின்னாளில் கருவுற்ற முட்டைக்கும் அதே பெயரை வைத்தார். ஆங்கிலத்தில் அது ஸ்டெம் ஆனது. அதைப் பார்த்து நாம் தண்டு என்று எழுதியதில் குலம் என்ற பொருள் விட்டுப்போயிற்று.

குருத்து அப்படியல்ல. தென்னையில் ஓலையும் பாளையும் உச்சிக் குருத்திலிருந்துதான் வரும். குருத்தழுகல் முற்றினால் மரமே போய்விடும். தானும் பெருகி, வேறு வகை அணுக்களையும் பிறப்பிக்கும் அணுவுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

சரி, குழந்தைகளின் இதயத்துக்கு வருவோம். சில குழந்தைகள் இடது கீழறை சரியாக வளராமலே பிறக்கின்றன. கட்டம் கட்டமாக மூன்று அறுவை சிகிச்சை செய்தாலும், உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் வேலை வலது கீழறையின் தலையில்தான் விழுகிறது. அது தளராமல் இருக்கவே குருத்தணுக்களைச் சோதிக்கிறார்கள். ஜப்பானின் ஒகாயாமாவில் முதற்கட்டமாக 7 குழந்தைகளுக்கு, அவரவர் இதயத்திலிருந்தே எடுத்து வளர்த்த அணுக்களைச் செலுத்தினார்கள்.

எந்தக் குழந்தைக்கு இது பலிக்கும்? இந்த முன்கணிப்பில்தான் குருத்து என்ற பெயர் நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பும். செலுத்திய அணுக்கள் துளிர்விட்டுப் புதுத் தசையாவது அரிது. பெரும்பாலானவை சீக்கிரமே மறைந்துவிடுகின்றன. அதற்குள் அவை வெளியிடும் எக்சோசோம் என்ற நுண்பைகள் முக்கியமானவை. அவற்றுக்குள் இருக்கும், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறுகள் மற்ற அணுக்களுக்குச் செய்தி கொண்டுபோகின்றன.

அமெரிக்காவின் அட்லாண்டா நகர ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவையின்போது எடுத்த இதயத் திசுவிலிருந்து அணுக்களைப் பிரித்து, குழந்தையின் வயதுவாரியாக ஒப்பிட்டார்கள். பச்சிளங்குழந்தையின் அணுக்கள் தந்த நுண்பைகள் எலிகளின் அடிபட்ட இதயத்தைத் தேற்றின. சற்று வளர்ந்த குழந்தைகளின் அணுக்களோ, ஆக்சிஜன் குறைவான சூழலில் வளர்த்தபோதுதான் அந்தப் பலனைத் தந்தன. அப்புறம், எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகுந்தால் இதயம் தேறுகிறது என்று கணினி மாதிரி கொண்டு தேடினார்கள். எலியில் கண்ட இந்தக் கணக்கு குழந்தைகளிடமும் நிற்குமா என்பதை மருத்துவச் சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.