உயர் ஆதரவு கேட்டு மனு கொடுக்கும் முன்

கடுமையான பாதிப்போடு வளர்ந்த பிள்ளை உள்ள வீட்டில் பத்திரமாக இருக்கும் தாள், பாதிப்பின் சதவீதம் போட்ட மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அதைத்தான் பார்க்கிறார்கள். கடும் பாதிப்பு என்றால் 75 சதவீதம். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு என்றால் 40. சரி, பணம் வருகிறது. ஆனால் அவனுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது அந்த எண்ணில் இல்லை.

அதைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 38ஆவது பிரிவு. 40 சதவீதமோ அதற்கு மேலோ சான்று பெற்றவர் உயர் ஆதரவு, அதாவது அன்றாட வாழ்க்கைக்கான தீவிர உதவி, வேண்டும் என்று தாமே விண்ணப்பிக்கலாம். அவருக்காக வீட்டாரும், ஓர் அமைப்பும்கூட விண்ணப்பிக்கலாம். மனு மதிப்பீட்டு வாரியத்துக்குப் போகும். ஆதரவு தேவையா, எந்த விதமான ஆதரவு என்று வாரியம் அறிக்கை தரும். நடப்பில் உள்ள திட்டங்களுக்கு உட்பட்டு அதன்படி உதவ வேண்டியது அரசின் கடமை. கடலூர்க்காரர்கள் முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வாரியத்தின் முன் நாம் பெரும்பாலும் குளிப்பாட்டுவதையும் ஊட்டுவதையும் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். சட்டம் சொல்லும் உயர் ஆதரவு அதோடு நிற்கவில்லை. தானே முடிவெடுக்க, குடும்பத்திலும் ஊரிலும் கலந்துகொள்ள, படிக்க, வேலை செய்ய, சிகிச்சை பெற வேண்டிய தீவிர உதவியும் அதில் அடக்கம்.

பேச முடியாதவரின் வாழ்க்கை நன்றாக இருக்கிறதா என்று எப்படி அளப்பது? ஸ்பெயினின் சலமாங்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்காகவே சான் மார்ட்டின் அளவுகோலை உருவாக்கினார்கள். அதில் 95 கூற்றுகள். அவரை நன்றாக அறிந்த ஒருவர் பதில் சொல்வார். மனநிலை, உறவுகள், பொருள் வசதி, கற்றுக்கொள்ளுதல், உடல்நலம், சொந்த விருப்பம், சமூகத்தில் இடம், உரிமைகள் என்று எட்டுப் பகுதிகள். வாரியத்தின் படிவம் வேறு. ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க இந்த எட்டும் நல்ல பிடி.

சாம்பார் சாதத்துக்கு வாய் திறப்பவன் உப்புமாவைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்கிறானா? அது அவன் சொல்லும் பதில், எழுதுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கடைசியாக எப்போது போனான்? தூக்க ஆளில்லாமல் வீட்டோடு கிடக்கிறான் என்றால் அதுவும் ஆதரவுத் தேவைதான். 2011இல் வந்த ‘தானே’ புயலைப் போல இன்னொன்று வந்தால் ராத்திரியில் அவனை யார் தூக்குவார்கள்? இப்போது தூக்குகிற அம்மாவுக்கு என்ன வயது, முதுகு எப்படி இருக்கிறது?

ஒரு வாரம் காலை முதல் இரவு வரை நடப்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சிரித்த நேரம், அழுத நேரம், யாரைக் கண்டால் தலை திரும்புகிறது என்பது உட்பட. அப்புறம், அவனோடு அதிக நேரம் இருப்பவர் பாட்டியோ அக்காவோ, அவரையே வாரியத்துக்குக் கூட்டிப்போங்கள். நோட்டின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுத்து, மனு பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.