ஆண்டுதோறும் எல்லாக் குழந்தைக்கும் தேர்வு எதற்கு? அமெரிக்க வகுப்பறையிலிருந்து ஓர் ஆசிரியையின் வேண்டுகோள்

மாநிலத் தேர்வு தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை, குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு, வகுப்பறைச் சுவர்களைப் பழுப்புத் தாளால் மூடுவது என் வழக்கம். பெருக்கல் வாய்ப்பாடு, பின்னங்களை விளக்கும் படம், குழந்தைகள் தாங்களே எழுதி ஒட்டிய சொற்பட்டியல் என, விடைக்கு உதவக்கூடிய எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது விதி. நியூ ஜெர்சியின் அரசுப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் வகுப்புக்கு மொழி, கணிதம் ஆகியவற்றோடு அறிவியல் தேர்வும் உண்டு என்பதால், அந்தத் தாள் பல நாட்கள் சுவரிலேயே இருக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு தேர்வு நாளில், குவாத்தமாலாவிலிருந்து வந்திருந்த ஒரு சிறுமி கையை உயர்த்தித் திரையில் ஒரு சொல்லைச் சுட்டிக் காட்டினாள். அந்தச் சொல்லை விளக்க எனக்கு அனுமதியில்லை. கேள்வியை நின்று படிப்பதற்கே அனுமதியில்லை. "உன்னால் முடிந்தவரை எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். நாட்டுக்குப் புதிதாக வந்த குழந்தைக்கு ஆங்கில வாசிப்புத் தேர்விலிருந்து முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் ஒருமுறை விலக்கு தரலாம் என்று சட்டம் சொல்கிறது. அவள் வந்து பதினாறு மாதங்கள் ஆகியிருந்தன. அதே குளிர்காலத்தில் ஆங்கிலம் கற்போருக்கான தனித் தேர்வை, கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு பகுதிகளாக அவள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தாள். செப்டம்பரில் ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுதத் தெரியாதவள், மே மாதத்தில் பாட்டியோடு காபிப் பழம் பறித்த நாளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினாள். பிழைகள் இருந்தன, ஆனால் கதைக்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் இருந்தன. அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தேர்வு முடிவோ இலையுதிர்காலத்தில், அவள் ஆறாம் வகுப்புக்காக வேறு பள்ளிக்குப் போன பிறகு வந்தது. ஐந்து நிலைகளில் எல்லாவற்றுக்கும் கீழான முதல் நிலை. அந்த முடிவைக் கொண்டு அவளுக்காக நான் செய்யக்கூடியது எதுவும் மீதமிருக்கவில்லை.

இந்தத் தேர்வுகளை மாநிலங்கள் நடத்தினாலும், எல்லாக் குழந்தைக்கும் ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்ற கட்டாயம் வாஷிங்டனில் பிறந்தது. அதன் வேர் நல்ல இடத்தில்தான் இருக்கிறது. இளமையில் தெற்கு டெக்சாஸின் கோட்டுல்லா என்ற சிற்றூரில் ஏழை மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய லிண்டன் ஜான்சன், குடியரசுத் தலைவரான பின் 1965-இல் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்குக் கூட்டாட்சி அரசு பணம் தரும் என்பதே அதன் சாரம். 1994-இல் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, மூன்று முதல் ஐந்து, ஆறு முதல் ஒன்பது, பத்து முதல் பன்னிரண்டு என்ற மூன்று வகுப்புக் கட்டங்களிலும் ஒவ்வொரு முறை தேர்வு வைத்தால் போதும் என்று இருந்தது. 2002 ஜனவரியில் ஜார்ஜ் டபிள்யூ புஷ் கையெழுத்திட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கக்கூடாது' சட்டம்தான், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும், வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு என்று மாற்றியது. 2014-க்குள் நூற்றுக்கு நூறு குழந்தைகளும் தேர்ச்சி பெற வேண்டும் என்று இலக்கு வைத்து, அதை எட்டாத பள்ளிகளுக்குப் படிப்படியாகத் தண்டனைகளையும் விதித்தது.

எட்டவே முடியாத இலக்கு அது என்பது வகுப்பறையில் நின்ற எவருக்கும் முதல் ஆண்டிலேயே தெரிந்திருக்கும். பின்னர் ஒபாமா அரசு நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு விலக்கு அளித்தது. பதிலுக்கு, மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணை ஆசிரியரின் பணி மதிப்பீட்டோடு இணைக்கச் சொன்னது. மதிப்பெண்களில் காணப்படும் வேறுபாட்டில் ஆசிரியருக்குரிய பங்கு ஏறத்தாழ 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் எச்சரித்தது. வீடு, வறுமை, உடல்நலம், முந்தைய ஆண்டுகளின் படிப்பு என்று மற்ற எல்லாமும் மீதிப் பங்கில் அடக்கம். 2015 டிசம்பரில் வந்த 'ஒவ்வொரு மாணவரும் வெற்றி பெறும்' சட்டம் அந்த நிபந்தனையைக் கைவிட்டு, தண்டிக்கும் முறையைப் பெருமளவு மாநிலங்களிடம் ஒப்படைத்தது. ஆண்டுத் தேர்வை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.

இந்தக் கட்டாயம் ஒரு பள்ளியை என்ன செய்கிறது என்பதை நான் பணியாற்றிய இடமொன்றில் நேரில் பார்த்திருக்கிறேன். ஆண்டின் தொடக்கத்தில் முந்தைய ஆண்டு மதிப்பெண் பட்டியலை எங்கள் முன் வைத்தார்கள். எங்கள் மாநிலத்தில் மதிப்பெண் 650 முதல் 850 வரை. 750 எடுத்தால் தேர்ச்சி. பட்டியலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டியிருந்தது. 735-க்கும் 749-க்கும் இடைப்பட்ட மஞ்சள் குழந்தைகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். காலைச் சிறு குழு வகுப்பில் இவர்களுக்கே முதல் இடம் என்றார்கள், ஏனென்றால் இவர்கள் கோட்டைத் தாண்டினால் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு உயரும். 690 எடுத்த சிவப்புக் குழந்தைக்கு எத்தனை உழைத்தாலும் அந்த விழுக்காடு அசையாது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கும் மேலே கணக்குக் கேட்க ஒருவர் இருந்தார். நானும் வாய் திறக்காமல் அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு வந்தேன். மிக அதிகம் தேவைப்பட்ட குழந்தைக்கு மிகக் குறைவாகக் கொடுத்த அந்த ஆண்டு இன்றும் என்னை உறுத்துகிறது. குழந்தையின் வளர்ச்சியையும் கணக்கில் சேர்க்கும் இன்றைய முறைகள் இந்தக் கேட்டை ஓரளவு குறைத்திருக்கின்றன. தேர்ச்சிக் கோடு இருக்கும் வரை அது முற்றிலும் போகாது.

அழுத்தம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அட்லாண்டா சாட்சி. 2009-ஆம் ஆண்டுத் தேர்வுகளில் குழந்தைகளின் தவறான விடைகளைக் கல்விப் பணியாளர்களே சரியான விடைகளாக மாற்றி வைத்ததை விசாரித்த ஜார்ஜியா மாநில அறிக்கை, 2011-இல் 178 கல்விப் பணியாளர்களின் பெயர்களைச் சொன்னது. 2015-இல் பதினொரு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. குற்றம் குற்றம்தான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அங்கே ஏமாற்றப்பட்டவர்கள் குழந்தைகள்: உதவி தேவை என்று காட்டியிருக்க வேண்டிய தாளே அவர்கள் நன்றாகப் படிப்பதாகச் சொல்லிவிட்டது.

இன்றைய சட்டத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. ஏழைக் குழந்தைகளுக்கான கூட்டாட்சி நிதி பெறும் பள்ளிகளில் குறைந்தது கடைசி 5 சதவீதத்தை ஒவ்வொரு மாநிலமும் அடையாளம் காட்ட வேண்டும். எல்லாப் பள்ளிகளும் முன்னேறினாலும் கடைசி 5 சதவீதம் என்று ஒன்று இருந்தே தீரும். பெயர் வெளியானதும் அனுபவமுள்ள ஆசிரியர்கள் அங்கே வரத் தயங்குகிறார்கள். வீடு மாற வசதியுள்ள பெற்றோர் வெளியேறுகிறார்கள். இத்தனை அதிகாரம் செலுத்தும் கூட்டாட்சி அரசு, பள்ளிக் கல்விச் செலவில் வழக்கமாகத் தருவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு ஆகும் கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கு ஆகும் தேசிய சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975-இல் சொன்ன வாக்கு ஓர் ஆண்டுகூட நிறைவேறியதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. கறுப்பினக் குழந்தைகள், ஆங்கிலம் கற்போர், மாற்றுத்திறனாளிகள், ஏழைகள் ஆகியோரின் நிலையைத் தனித்தனியே வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது 2002-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் நல்ல சராசரி கொண்ட பள்ளிகள் இவர்களைச் சராசரிக்குள் மறைத்துவிட முடிந்தது. அதனால்தான் 2015-இல் குடிமை உரிமைகளுக்காகப் போராடும் அமைப்புகள் பல ஆண்டுத் தேர்வைக் கைவிடக்கூடாது என்று வாதாடின. அவர்களுடைய அச்சம் வரலாற்றிலிருந்து வந்தது. அதை நான் மதிக்கிறேன். தனித்தனியாக வெளியிடும் அந்தக் கடமையை நீக்கச் சொல்லும் எந்தச் சீர்திருத்தத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அந்த உண்மையை அறிய ஒவ்வொரு குழந்தையையும் ஒவ்வோர் ஆண்டும் உட்கார வைக்கத் தேவையில்லை. 1969 முதல் நடந்துவரும் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு, மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்கு மட்டும், அதுவும் ஆளுக்குக் கேள்விகளில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, நாட்டின் நிலையையும் மாநிலங்களின் நிலையையும் இன, வருமான வேறுபாடுகளோடு காட்டிவிடுகிறது. அதற்காக எந்த ஆசிரியரும் வகுப்பை நிறுத்திப் பயிற்சி கொடுப்பதில்லை. தனிப்பட்ட பள்ளியின் நிலை தெரிய மாதிரி போதாது என்பது சரி. அதற்குத்தான் 1994-ஆம் ஆண்டு ஏற்பாடு இருக்கிறது, கட்டத்துக்கு ஒருமுறை எல்லாக் குழந்தைக்கும்.

ஆகவே நான் கேட்பது, தேர்வை அந்த அளவுக்குக் குறைத்து, இடைப்பட்ட ஆண்டுகளில் வகுப்பறை மதிப்பீட்டை நம்புங்கள் என்பது. நியூயார்க்கில் சில அரசு உயர்நிலைப் பள்ளிகள் பல ஆண்டுகளாகப் பெரும்பாலான மாநிலத் தேர்வுகளுக்குப் பதிலாக ஆய்வுக் கட்டுரை, அறிவியல் சோதனை, குழுவின் முன் வாய்மொழி விளக்கம் ஆகியவற்றைக் கொண்டு பட்டம் வழங்குகின்றன. ஆங்கிலத் தேர்வை மட்டும் எல்லோரையும் போல் எழுதுகிறார்கள். தேர்வு வைத்தால் முடிவு அதே ஆண்டில், அதே ஆசிரியரின் கைக்கு வரட்டும். அடையாளம் காட்டிய பள்ளிக்கு, பெயரோடு சேர்த்து வாசிப்பு வல்லுநரையும் ஆலோசகரையும் செவிலியரையும் அனுப்புங்கள். புதிதாக வந்த குழந்தைக்கு ஓர் ஆண்டு விலக்கு போதாது. மூன்றாண்டுகளாவது வளர்ச்சியை மட்டும் அளக்கலாம்.

கூட்டாட்சிக் கல்வித் துறையை மூடுவதற்கு வழிசெய்யும் குடியரசுத் தலைவர் டிரம்பின் 2025 மார்ச் மாத ஆணையைக் கண்டு, தேர்வுக் கட்டாயமும் தானாகப் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. கட்டாயம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இருக்கிறது. துறை சுருங்கினால், குடும்பங்களின் புகாரைக் கேட்கும் அலுவலர்கள்தான் குறைவார்கள்.

இங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர், மதிப்பெண் கடிதம் வந்ததும் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கூடுதல் வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். பிள்ளை செப்டம்பரில் எழுதிய ஒரு பக்கத்தையும் இப்போது எழுதிய ஒரு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிதி அனுமதிக் காலம் 2020-உடனேயே முடிந்துவிட்டது; அது திருத்தி எழுதப்படக் காத்திருக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்துக்கு எழுதும்போது, தேர்வு நாட்களில் உங்கள் பிள்ளை எத்தனை பாடவேளைகளை இழந்தது, முடிவு எந்த மாதத்தில் கைக்கு வந்தது என்ற இரண்டையும் தேதியோடு குறிப்பிடுங்கள்.