பேட்டை: சொல்லும் பொருளும்

இன்று 'எங்கள் பேட்டை' என்றால் 'எங்கள் ஏரியா' என்றுதான் பொருள். சொல்லின் பழைய பொருள் இதைவிடச் செறிவானது. கோட்டைக்கோ நகருக்கோ புறத்தே, வணிகரும் கைவினைஞரும் குடியிருந்து தொழில் செய்யும் ஊர்ப்பகுதியே பேட்டை. வெளியூர்ச் சரக்கு வந்து இறங்கும் இடத்துக்கும் அதே பெயர். மாட்டுவண்டிகள் அவிழ்த்து நின்ற இடங்கள் பல ஊர்களில் இன்றும் வண்டிப்பேட்டை என்றே வழங்குகின்றன.

கன்னடத்தில் இது பேட்டெ, தெலுங்கிலும் மலையாளத்திலும் பேட்ட, மராத்தியில் பேட். ஆங்கிலேயர் இதைப் 'பெட்டா' ஆக்கிக்கொண்டார்கள். கொழும்பின் பெட்டாவைத் தமிழர் புறக்கோட்டை என்கிறார்கள். கோட்டை வேறு, பேட்டை வேறு என்பதற்குப் பெங்களூரு நல்ல சான்று. திப்பு சுல்தானுடனான போரில், 1791 மார்ச் 7 அன்று ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை பேட்டையைப் பிடித்தது. கோட்டை விழ மார்ச் 21 ஆனது. அந்தப் பேட்டைக்குள் வளையலுக்கு பளேபேட்டை, அரிசிக்கு அக்கிபேட்டை, குயவருக்குக் கும்பாரபேட்டை எனத் தொழிலுக்கொரு தெருக்கூட்டம் இருந்தது.

சென்னையில் இதன் பொருளை முழுமையாகக் காட்டுவது சிந்தாதிரிப்பேட்டை. ஏற்றுமதிக்குத் துணி தேவைப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, தறிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பியது. 1734இல், மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்தபோது, கூவம் வளைந்தோடும் இடத்தில் சுங்குராமச் செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில் நெசவாளர், நூல் நூற்போர், துணிக்குச் சித்திரம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோரைக் குடியேற்றினார்கள். சின்னத் தறிப்பேட்டை என்பதே மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பது பரவலான விளக்கம். அதற்கும் முன்பே, திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களுக்காக அமைந்த காலட் பேட்டை, ஆளுநர் காலட்டின் பெயரைத் தாங்கியது. மக்கள் வாயில் அது காலடிப்பேட்டை ஆயிற்று.

நெசவுக்குத் தறி வைக்க ஒரு வீடு இருந்தால் போதாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்ட, வெயில் ஏறுமுன் அதன்மேல் கஞ்சிப் பசை தடவித் தூரிகையால் நீவிவிட, நேரான தெருவோ திடலோ வேண்டும். சேலம் பக்கத்து நெசவாளர் ஊர்களில் அந்த இடத்துக்குப் பாவடி என்றே பெயர். பசை காய்வதற்குள் வேலை முடிய வேண்டுமென்றால் ஒரு வீட்டாரின் கை போதாது, பக்கத்து வீட்டாரும் வர வேண்டும். வீடும் தெருவும் அண்டை அயலும் சேர்ந்தே தொழிற்கூடம் ஆகிறது. பேட்டை என்ற சொல் எனக்கு அருமையாகத் தோன்றுவது இதனால்தான்.

'இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்' என்பதற்குத் தொழிற்பேட்டை என்று பெயர் வைத்தவர்கள் புதுச்சொல் தேடாமல் இதையே எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. ஆனால் 1958இல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டையிலும், அதன் வழியில் வந்தவற்றிலும் தொழில் இருக்கும், குடியிருப்பு இராது. மாலையில் ஷிப்ட் முடிந்ததும் ஆட்கள் வேறெங்கோ இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறுகிறார்கள். பழைய பொருளில் பாதியைத்தான் தொழிற்பேட்டை எடுத்துக்கொண்டது.

இப்போது 'கிளஸ்டர்' வந்திருக்கிறது. அரசு வழக்கில் அது குறுங்குழுமம். பல சிறு நிறுவனங்கள் ஒரு பொது எந்திரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு அது பொருந்தும். ஒரே தெருவில் பட்டறையும் வீடும் கோயிலும் இருக்கிற பழைய பகுதியைக் குறிக்கக் கைவினைப் பேட்டை, நெசவுப் பேட்டை என்பவையே சரி. சிலப்பதிகாரம் புகார் நகரின் நெசவாளர் பகுதியைக் காருகர் இருக்கை என்கிறது. அழகான தொடர், ஆனால் இருக்கை இன்று நாற்காலியாகிவிட்டதால் வழக்குக்கு உதவாது.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வாகன உதிரிபாகக் கடைகளை ஊருக்கு வெளியே மாற்ற வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. அங்கே ஒரு கடையில் கதவுகள் மட்டும் கூரைவரை அடுக்கியிருக்கும், அடுத்ததில் முகப்பு விளக்குகள் மட்டும். ஒருவரிடம் இல்லாத பொருளுக்கு அவரே பக்கத்துக் கடையைக் கைகாட்டுவார். இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், வரைபடத்தில் கடைகளோடு வீடுகளுக்கும் பள்ளிக்கும் இடம் ஒதுக்க வேண்டும். வெறும் கொட்டகை வரிசையைக் கட்டிவிட்டு அதற்குப் பேட்டை என்று பலகை மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.