மாங்கூழ் இன்வாய்ஸ் ஏன் ஸ்பேமில் விழுகிறது?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோத்தாபுரி சீசனில் இன்வாய்ஸ், கன்டெய்னர் கிளம்பிய தகவல், பணம் வந்த ரசீது எல்லாம் அதன் சாஃப்ட்வேரிலிருந்து தானாக மெயிலில் போகின்றன. அனுப்புவது அமேசான் எஸ்இஎஸ் போன்ற, மெயில் அனுப்பித் தரும் ஒரு சேவை. ஆனால் அனுப்புநர் பெயரில் இருப்பது ஆலையின் டொமைன். அந்தப் பெயரில் அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை உண்டா என்பதுதான் வாங்குகிற ஜிமெயிலின் சந்தேகம்.

அது நியாயமான சந்தேகம். 1982-ல் மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி விதிகள் எழுதப்பட்டபோது, அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கப் பின்னாளில் வந்தவை எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும். எஸ்பிஎஃப் என்பது ஒரு டொமைன் பெயரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல், டிகிம் மெயிலில் குத்தும் டிஜிட்டல் முத்திரை, டிமார்க் இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து மூன்றுமே கட்டாயம். அதற்குக் குறைவாக அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் ஃப்ரம். மற்றொன்று, போய்ச் சேராத மெயில் திரும்பி வர வேண்டிய ரிட்டர்ன்-பாத். எஸ்பிஎஃப் பார்ப்பது இந்த இரண்டாவதை மட்டுமே. மெயில் சேவைகள் பெரும்பாலும் ரிட்டர்ன்-பாத்தில் தங்கள் டொமைனையே போட்டுவிடும். அப்போது எஸ்பிஎஃப் பாஸ் ஆகும், ஆனால் சேவையின் பெயருக்குத்தான் பாஸ். ஆலைக்கு அதனால் லாபமில்லை. ஃப்ரமில் உள்ள டொமைனோடு அது பொருந்துகிறதா என்று கேட்பது டிமார்க். பலருடைய செட்டிங் சறுக்குவது இந்தப் பொருத்தத்தில்தான்.

இதைச் சரிசெய்ய, ஆலை டொமைனின் கீழ் 'பவுன்ஸ்' என்பதுபோல ஒரு சப்டொமைனை ரிட்டர்ன்-பாத்துக்கு ஒதுக்க வேண்டும். எஸ்இஎஸ்ஸில் இதற்கு, டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் டிஎன்எஸ்ஸில் ஒரு எம்எக்ஸ் ரெக்கார்டும் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பது) ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டும் (எழுத்துக் குறிப்பு) போதும். சேவைக்கான எஸ்பிஎஃப் வரி அந்த சப்டொமைனில் இருந்தால் போதும், மூல டொமைனில் சேர்க்கத் தேவையில்லை. மூல டொமைனில் அலுவலக மெயிலுக்கான எஸ்பிஎஃப் வரி ஏற்கெனவே இருக்கும். அதன் பக்கத்தில் இன்னொரு வரியைத் தனியாகப் போட்டால் இரண்டுமே செல்லாது, ஒரு பெயருக்கு ஒரே எஸ்பிஎஃப்தான். அதைச் சரிபார்க்க நடக்கும் டிஎன்எஸ் தேடல்களும் 10-ஐத் தாண்டக் கூடாது.

மூன்றில் மிகவும் நம்பத் தகுந்தது டிகிம். சேவை ஒரு ஜோடிச் சாவி தயாரிக்கிறது. ரகசியச் சாவி அதனிடம் இருக்கும், பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில். ஒவ்வொரு மெயிலும் ரகசியச் சாவியால் முத்திரை குத்தப்பட்டுக் கிளம்புகிறது. நடுவில் இன்வாய்ஸ் தொகையில் ஓர் இலக்கம் மாறினாலும் முத்திரை உடைந்துவிடும். வாங்குபவர் மெயிலை வேறு முகவரிக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருந்தால், அனுப்பும் சர்வரின் ஐபி முகவரி மாறுவதால் எஸ்பிஎஃப் தோற்கும். உள்ளடக்கம் மாறாதவரை டிகிம் தாங்கும்.

எஸ்இஎஸ் இதற்காக மூன்று சிநேம் ரெக்கார்டு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடுவது) தரும். அவற்றை ஒட்டும்போது நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். பல டிஎன்எஸ் பேனல்கள் பெயர்க் கட்டத்தில் டொமைனைத் தாமாகவே சேர்த்துக்கொள்கின்றன. முழுப் பெயரையும் ஒட்டினால் 'எஸ்1._டொமைன்கீ.ஆலை.இன்.ஆலை.இன்' என்று இரட்டிப்பாகி, சேவை எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது. 'எஸ்1._டொமைன்கீ' வரை மட்டும் ஒட்டிவிட்டு, என்எஸ்லுக்அப் என்ற டிஎன்எஸ் தேடல் கருவியில் முழுப் பெயரைத் தேடிப் பாருங்கள். உங்கள் டிஎன்எஸ் கிளவுட்ஃபிளேரில் இருந்தால் அந்த ரெக்கார்டுக்கு ஆரஞ்சு மேகம் (அதன் ப்ராக்ஸி) அணைந்திருக்க வேண்டும். சிநேமுக்குப் பதில் 2048 பிட் சாவியையே டிஎக்ஸ்டியாகத் தரும் சேவைகளும் உண்டு. ஒரு துண்டில் 255 எழுத்துதான் அடங்கும் என்பதால் அதை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனி மேற்கோள்குறிகளுக்குள் போட வேண்டிவரும்.

கடைசியில் டிமார்க். '_டிமார்க்' என்ற பெயரில் ஒரு டிஎக்ஸ்டி. பாலிசியை முதலில் 'நன்' (எதுவும் செய்யாதே) என்று வைத்து, அறிக்கை வந்து சேர ஒரு மெயில் முகவரியும் கொடுங்கள். இரண்டு மூன்று வாரம் அறிக்கைகளைப் படித்தால், மறந்துபோன அனுப்புநர்கள் வெளியே வருவார்கள்: வெப்சைட்டின் விசாரணைப் படிவம், சம்பளச் சீட்டு அனுப்பும் புரோகிராம். அவற்றையும் சரிசெய்த பிறகே 'குவாரன்டைன்' (ஸ்பேமில் போடு), அதன்பின் 'ரிஜெக்ட்' (ஏற்காதே). முதல் நாளே 'ரிஜெக்ட்' போட்டால் சொந்த ரசீதுகளே திருப்பி அனுப்பப்படலாம்.

ஆனால் 'நன்'னிலேயே நின்றுவிடவும் கூடாது. ஏற்றுமதியாளருக்கு உண்மையான ஆபத்து, அவர் டொமைனிலிருந்தே வந்தது போல் வாங்குபவருக்குப் போகும் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்ற போலி மெயில். டிமார்க்கை மதிக்கும் சர்வர்களில் அதை வாசலிலேயே நிறுத்துவது 'ரிஜெக்ட்' மட்டுமே. ஓர் எழுத்து மாற்றிப் பதிவு செய்த வேறு டொமைனிலிருந்து வந்தால் அதனாலும் தடுக்க முடியாது. அதனால் கணக்கு எண் மாறினால் போனில் கேட்டு உறுதிசெய்துகொள்ளும்படி வாங்குபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சேவையின் பச்சை டிக்கோடு விட்டுவிடாதீர்கள். சாஃப்ட்வேரிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கே ஓர் இன்வாய்ஸ் அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' திறங்கள். டிகிம் வரியில் பாஸுக்குப் பக்கத்தில் உங்கள் டொமைன் பெயர் இருக்க வேண்டும். அங்கே சேவையின் பெயர் மட்டும் இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை.