காலித் தட்டில் ஓர் ஆப்பிள்

செங்கோட்டை பக்கம் புளியரையில் அக்கா வீட்டுத் திண்ணை. அக்கா மகன் கையில், அவன் சித்தப்பா துபாயிலிருந்து வாங்கி வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவி. ஓடிக்கொண்டிருந்தது 2017இல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’. “அந்தா தெரியுதுல்லா, அந்தக் கோபுரத்துக்குத்தான் போறேன் மாமா” என்று அவன் சொல்லி இருபது நிமிஷம் ஆகிவிட்டது. இன்னும் போய்ச் சேர்ந்தபாடில்லை.

வழியில் வரிசையாகச் சில கற்சிலைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தட்டு, தட்டில் ஆப்பிள். ஒரே ஒரு தட்டு மட்டும் காலி. பயல் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து அதில் வைத்தான். பொசுக்கென்று இலைமுகத்தோடு ஒரு குட்டிப் பூதம் தோன்றி, ஒரு விதையைக் கொடுத்தது.

“ஒண்ணும் எழுதிப் போடலியே, எப்டில தெரிஞ்சுது?”

“மத்த சாமிக்கெல்லாம் படையல் இருக்கு. இதுக்கு மட்டும் இல்லியே மாமா.”

ஓப்பன் வேர்ல்ட் என்று சொல்லப்படும் இந்த வகை ஆட்டங்களில், இன்ன வழியில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆகவே எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஏதாவது இருந்தாக வேண்டும். அந்த ‘ஏதாவது’க்குத் தொழிலில் கன்டென்ட் என்று பெயர். இந்த ஆட்டத்தில் இலைமுகப் பூதங்கள் மட்டும் 900. ஆயுதப் பையை முழுக்கப் பெரிதாக்க 441 விதை போதும். மீதியையும் தேடி 900 சேர்த்தவருக்குக் கிடைக்கும் பரிசு, தங்க நிறத்தில் சாணி மாதிரி ஒரு வஸ்து. எல்லாவற்றையும் பொறுக்கச் சொல்லி யாரும் வைக்கவில்லை. யார் எந்தத் திசையில் போனாலும் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும் என்றுதான் அத்தனை. கல்யாணப் பந்தியில் ஒவ்வொரு வாளியையும் காலி செய்துவிட்டா எழுந்திருக்கிறோம்?

சரி, கோபுரத்துக்குக் கிளம்பியவன் ஏன் போய்ச் சேரவில்லை?

செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு பஸ்ஸில் போனால் விஸ்வநாதர் கோயில் கோபுரம் தெரியும். ஏறத்தாழ 180 அடி. தென்னந்தோப்பு வந்தால் மறையும், தோப்பு விலகினால் முன்னைவிடப் பெரிதாக எழுந்து நிற்கும். மேற்கே போனால் வேறு கதை. புளியரை எஸ் வளைவைத் தாண்டியதுமே மலை கண்ணை மூடிவிடும். ஆரியங்காவும் கழிந்து, கழுதுருட்டியில் திடீரென்று பதிமூன்று கண் பாலம். 1904இல் ரயில் வந்த பாதை அது. நூறு தடவை பார்த்தவர்களும் ஜன்னல் பக்கம் சாய்வார்கள்.

இதை வேண்டுமென்றே செய்தால் எப்படியிருக்கும்? ஜப்பானில் 2017இல் நடந்த செடெக் என்ற கேம் தயாரிப்பாளர் மாநாட்டில், இந்த ஆட்டத்தைச் செய்த நிண்டெண்டோ குழு அதை விளக்கியது. நிலத்தைச் சமைக்க அவர்கள் பிடித்துக்கொண்ட வடிவம் முக்கோணம். முக்கோணத்தின் உச்சி கண்ணை இழுக்கும். உடம்பு பின்னால் இருப்பதை மறைக்கும். எதிரே வந்து நிற்பவருக்கு இரண்டு வழி: ஏறலாம், சுற்றிப் போகலாம். சுற்றினால் மறைந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். ஏறினால் உச்சியிலிருந்து இன்னும் பத்து முக்கோணம் தெரியும். தூரத்து அடையாளத்துக்குப் பெரிது, பார்வையை மறைக்க நடுத்தரம், நடையின் தாளத்தை மாற்றச் சின்னது என்று மூன்று அளவு. தூரம் கைக்கு அடங்க, தங்கள் ஊரான கியோட்டோவின் வரைபடத்தையே ஆட்டத்தின் நிலத்தோடு வைத்துப் பார்த்தார்களாம். தெரிந்த ஊரில்தானே நடை தூரம் காலுக்குத் தெரியும்.

முதலில் கோபுரங்களை மட்டுமே வழிகாட்டியாக நட்டார்கள். ஆடிப் பார்த்தவர்கள் கோபுரம் விட்டுக் கோபுரம் போனார்கள். மூக்கணாங்கயிறு போட்டு இழுப்பது போலிருந்தது. பிறகு வெவ்வேறு இழுவிசையுள்ள பொருள்களைச் சேர்த்தார்கள். ஆயுதம் இல்லாதவனை, எதிரிகள் கூடாரமடித்த மண்டையோட்டுப் பாறை இழுக்கும். களைத்தவனைக் குதிரைத் தலை வடிவச் சத்திரம் இழுக்கும். இருட்டினால் சன்னிதிகளின் வெளிச்சம். என் மருமகனைக் கெடுத்தது இதுதான்.

இப்படிப் பெரிய உலகை நிரப்ப, வரைபடம் முழுக்கக் கேள்விக்குறி இறைத்து வைப்பது சுலபமான வழி. ‘தி விட்சர் 3’ (2015) எனக்குப் பிடித்த ஆட்டம். அதிலும் ஸ்கெலிகே என்ற தீவுகளைச் சுற்றிய கடல் நெடுகக் கேள்விக்குறிகள், படகில் போனால் பெரும்பாலும் கடத்தல்காரர் பெட்டிதான். அங்கே கண் நிலத்தைப் பார்ப்பதில்லை, குறியைப் பார்க்கிறது.

இன்னொரு வழி, கணக்கே உலகை உண்டாக்குவது. 32 கேபி நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் 1984இல் ‘எலீட்’ என்ற விண்வெளி ஆட்டம் 8 விண்மீன் மண்டலம், ஒவ்வொன்றிலும் 256 உலகம் என்று காட்டியது. எதையும் சேமித்து வைக்கவில்லை. விதை எண் என்று சொல்லப்படும் ஒரு தொடக்க எண்ணைச் சூத்திரத்தில் போட்டால் உலகம் வரும். அதே எண்ணுக்கு எப்போதும் அதே உலகம். 2016இல் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற ஆட்டம் 2இன் 64ஆம் அடுக்குக்குப் போனது: 18, அதன் பின்னால் இன்னும் 18 இலக்கம், அத்தனை கிரகம். ஆனால் புனலூர் பஸ்ஸில் ரப்பர் தோட்டம் வந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எந்த ரப்பர் மரமும் இன்னொன்றைப் போல அச்சாக இல்லைதான். அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நாம் செய்ய ஒன்றுமில்லை, அதனால் தூக்கம்.

எனக்கு மதிப்பு அதிகம் மூன்றாவது வழி மேல்: பொருளை அடுக்காமல் விதியை வைப்பது. அதே செல்டா குழு 2017இல் ஜிடிசி என்ற இன்னொரு கேம் தயாரிப்பாளர் மாநாட்டில் இதை ஆட்டத்தின் ‘வேதியியல்’ என்றது. நெருப்பும் நீரும் மின்சாரமும் பொருள்களின் நிலையை மாற்றும், ஒன்றையொன்றும் மாற்றும். அவ்வளவுதான் சட்டம். புல் எரியும், எரிந்தால் காற்று மேலே கிளம்பும், அதில் துணியை விரித்துப் பறக்கலாம். இடி நேரத்தில் முதுகில் உலோக வாள் இருந்தால் முதலில் பொறி பறக்கும், பிறகு தலையில் விழும். (நிஜ மின்னல் பெரும்பாலும் உயரத்தைத்தான் பார்க்கும், சின்ன இரும்பைத் தேடி வராது. ஆனால் நம் ஊர் நம்பிக்கையோடு இந்த ஆட்டம் நன்றாகப் பொருந்துகிறது.)

அன்று சாயங்காலம் கோட்டைவாசல் பக்கம் நிஜமாகவே இடித்தது. “ஏலே, திண்ணையில கிடக்க அருவாள உள்ள எடுத்து வை” என்று அக்கா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். “வச்சிட்டேன்மா” என்றான். எட்டிப் பார்த்தேன். திரையில் வாளைக் கழற்றிவிட்டு மரத்தடி ஒன்றைக் கையில் எடுத்திருந்தான். அரிவாள் திண்ணையிலேயே கிடந்தது.